கணக்கை முடிக்க விடாதவர்கள்

2004, செப்டம்பர் 6. திங்கள்கிழமை இரவு. ஜகார்த்தாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பியது கருடா இந்தோனேசியா நிறுவனத்தின் ஜிஏ 974 விமானம். வழியில் சிங்கப்பூரில் ஒரு நிறுத்தம். எகானமி வகுப்பில் 40 ஜி என்ற இருக்கை ஒரு வக்கீலுக்கு. பெயர் முனிர் சயீத் தாலிப். வயது 38. ஹாலந்தில், உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சட்ட மேற்படிப்புக்காகப் போய்க்கொண்டிருந்தார்.

அதே விமானத்தில் பொல்லிகார்ப்பஸ் என்றொரு பைலட்டும் இருந்தார். அன்றைக்கு அவர் விமானம் ஓட்டவில்லை. பாதுகாப்பு சம்பந்தமான டியூட்டி என்று சொல்லிக்கொண்டு பயணியாக ஏறியிருந்தார். பிசினஸ் வகுப்பில் தனக்கிருந்த 3 கே இருக்கையை முனிருக்கு விட்டுக்கொடுத்தார். நல்ல மனசு என்றுதானே தோன்றும்? இரண்டு நாள் முன்னால் இதே பைலட் முனிரின் செல்போனுக்கு அழைத்து, என்றைக்குப் பயணம் என்று விசாரித்திருக்கிறார். போனை எடுத்துப் பதில் சொன்னது முனிரின் மனைவி சுசிவாத்தி.

சிங்கப்பூர் வந்தது. பைலட் இறங்கிக்கொண்டார். அடுத்த நாள் காலை விமானத்தைப் பிடித்து ஜகார்த்தா திரும்பிவிட்டார். முனிர் தன்னுடைய பழைய எகானமி இருக்கைக்குப் போனார். விமானம் மறுபடி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வாந்தி, பேதி. நிற்கவேயில்லை. பயணிகளில் ஒரு டாக்டர் இருந்தார். கையிலிருந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பலனில்லை. ஆம்ஸ்டர்டாமில் தரையிறங்க இரண்டு மணிநேரம் இருக்கும்போது முனிரின் உயிர் பிரிந்திருந்தது.

டச்சு தடயவியல் நிபுணர்கள் உடலைப் பரிசோதித்தார்கள். நவம்பரில் முடிவு தெரிந்தது. ஆர்சனிக். நம் ஊரில் பாஷாணம் என்போமே, அதேதான். ஓர் ஆளைக் கொல்லப் போதுமான அளவுக்கு இருந்தது.

ஒரு சாதாரண வக்கீலைத் தீர்த்துக்கட்ட இத்தனை ஏற்பாடா? அப்படி அந்த மனிதர் என்னதான் செய்துவிட்டார்?

பெரிதாக ஒன்றுமில்லை. கணக்கு எழுதினார். யாரைக் காணவில்லை, எப்போதிலிருந்து காணவில்லை, கடைசியாக அழைத்துப் போனது யார் என்று எழுதிவைத்தார். அவ்வளவுதான். ஆனால், சில தேசங்களில் ஆயுதம் தூக்குவதைக் காட்டிலும் அபாயகரமான காரியம் அது.

முனிர் பிறந்தது 1965, டிசம்பர் 8. கிழக்கு ஜாவாவில் மலாங் என்கிற நகரம். அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்னால்தான் இந்தோனேசியாவில் ஒரு ராணுவக் கலகம் நடந்து, ஆறு ஜெனரல்கள் கொல்லப்பட்டார்கள். பழி கம்யூனிஸ்ட் கட்சியின் மீது விழுந்தது. ஜெனரல் சுகார்தோ நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த சில மாதங்களில் கம்யூனிஸ்ட் என்றும், கம்யூனிஸ்ட்டாக இருக்கலாம் என்றும், கம்யூனிஸ்ட்டுக்குத் தெரிந்தவர் என்றும் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை குறைந்தபட்சம் ஐந்து லட்சம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதிகம் பேர் செத்த பகுதிகளில் கிழக்கு ஜாவாவும் ஒன்று.

ஐந்து லட்சம் பேர்! ஒரு எஃப்.ஐ.ஆர். கிடையாது. ஒரு வழக்கு கிடையாது. பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களின் குடும்பமும் அதே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தின் மீதுதான் சுகார்தோ 32 வருடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் எதிர்ப்பு மிகவும் மரியாதையான இடத்திலிருந்துதான் வந்தது. 1970-ல் அட்னன் புயுங் நசுசன் என்கிற வக்கீல், ஜகார்த்தாவில் ஒரு சட்ட உதவி மையத்தைத் தொடங்கினார். எல்.பி.எச். என்று பெயர். முன்னாளில் அரசு வக்கீலாக இருந்தவர் அவர். ஜகார்த்தா கவர்னர் அலி சாதிகின்கூட ஆதரவு தந்தார். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைக்கு இலவசமாக வாதாடுவது என்பதுதான் ஏற்பாடு. இதில் அரசாங்கம் பயப்பட என்ன இருக்கிறது?

இருந்தது. குடிசையை இழந்தவனுக்காக வாதாடப் போனால், இடித்தது யார் என்று கேட்கவேண்டி வருகிறது. கூலி கேட்டு அடிவாங்கியவனுக்காகப் போனால், ஃபேக்டரிக்குள் ராணுவத்துக்கு என்ன வேலை என்று கேட்கவேண்டி வருகிறது. கேள்விகள் ஒவ்வொரு படியாக மேலே ஏறி, கடைசியில் ஜனாதிபதி மாளிகை வாசலில் போய் நிற்கும். எல்.பி.எச்.சின் கிளைகள் ஊர் ஊராகப் பரவின. சுரபயா கிளையில் 1989-ல் ஒரு சட்டப் பட்டதாரி வந்து சேர்ந்தார். ஒல்லியான உருவம். மீசை. முனிர்.

அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் ஒரு ஃபேக்டரி பெண் என்று சொல்லலாம். மார்சினா என்று பெயர். 24 வயது. சுரபயாவுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச் கம்பெனியில் வேலை. 1993 மே மாதம் அங்கே ஸ்டிரைக் நடந்தது. தினக்கூலி 1,700 ரூபியாவை 2,250 ஆக்கு என்பது முக்கியக் கோரிக்கை. புரட்சியெல்லாம் இல்லை. கவர்னரே உயர்த்தச் சொல்லியிருந்ததைத்தான் கேட்டார்கள். பதிலாக 13 தொழிலாளர்களை உள்ளூர் ராணுவ அலுவலகத்துக்கு வரவழைத்து, ராஜினாமா எழுதி வாங்கினார்கள். கம்பெனி வேலையை ராஜினாமா செய்ய ராணுவ அலுவலகம்!

என்ன ஆயிற்று என்று விசாரிக்கப் போனாள் மார்சினா. அன்றிரவிலிருந்து காணவில்லை. சில நாள் கழித்து வெகு தொலைவில் ஒரு காட்டோரக் குடிசையில் பிணமாகக் கிடைத்தாள். உடம்பெல்லாம் சித்திரவதை செய்த காயங்கள்.

ஊர் கொந்தளித்ததும் அரசு என்ன செய்தது தெரியுமா? கம்பெனி முதலாளியையும் ஊழியர்களையும் பிடித்து உள்ளே போட்டது. அடித்து வாக்குமூலம் வாங்கியது. கோர்ட்டில் தண்டனையும் கிடைத்தது. கேஸ் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்கள். 1995-ல் சுப்ரீம் கோர்ட் அத்தனை பேரையும் விடுவித்துவிட்டது. அப்படியானால் கொன்றது யார்? இந்த நிமிடம் வரை யாருக்கும் தண்டனை இல்லை.

மார்சினாவின் சக தொழிலாளர்களுக்காக நின்ற வக்கீல்களில் முனிர் ஒருவர். தொழிற்சங்கத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த சுசிவாத்தியை அவர் சந்தித்ததும் இதுமாதிரியான வேலைகளில்தான். இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அடுத்த சம்பவம் 1997-ல் தொடங்குகிறது. ஆசியப் பொருளாதாரமே ஆட்டம் கண்ட வருடம். ரூபியாவின் மதிப்பு தலைகுப்புற விழுந்தது. அரிசி விலை எகிறியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் ஒவ்வொருவராகக் காணாமல் போக ஆரம்பித்தார்கள். மாணவர் தலைவர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள், விஜி துக்குல் என்கிற கவிஞர் என்று மொத்தம் 23 பேர்.

கைது செய்தால் ரசீது உண்டு. கோர்ட் உண்டு. ஜாமீன் உண்டு. கொன்றால் பிணம் உண்டு, போஸ்ட்மார்ட்டம் உண்டு. காணாமல் ஆக்கிவிட்டால்? ஒன்றுமே இல்லை. எங்களுக்குத் தெரியாதே, எங்காவது போயிருப்பார், வந்துவிடுவார் என்று போலீஸ் சொல்லிவிடும். ஆட்கொணர்வு மனு போட்டாலும் எங்களிடம் இல்லை என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துவிடும். மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. பேங்க் கணக்கை மாற்ற முடியாது. திவசம் கொடுக்க முடியாது. துணிமணியைத் தூக்கிப் போட மனசு வராது. ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்டால் அவன்தானோ என்று ஓடவேண்டும். ஒரு மனிதனைப் பிடித்துப்போய் ஒரு குடும்பத்தையே ஆயுள் கைதியாக்கும் டெக்னிக் இது.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்.பி.எச். அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். 1998 மார்ச்சில் முனிரும் நண்பர்களும் இதற்கென்றே ஒரு தனி அமைப்பைத் தொடங்கினார்கள். காணாமல் போனவர்களுக்கும் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்குமான கமிஷன். சுருக்கமாக கோன்ட்ராஸ். சுகார்தோ அப்போதும் பதவியில்தான் இருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கமிஷன் என்றால் சிவப்பு விளக்கு வைத்த கார் என்று நினைத்துவிடக் கூடாது. மேஜை, நாற்காலி, டெலிபோன், கொஞ்சம் இளைஞர்கள். அவர்கள் செய்த வேலையைப் பார்த்தால் ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி இருக்கும். வந்தவரை உட்காரவைத்துக் கேட்பார்கள். பையனைக் கடைசியாகப் பார்த்தது எங்கே? எத்தனை மணிக்கு? என்ன சட்டை போட்டிருந்தான்? வண்டி என்ன நிறம்? கூட யார் பார்த்தார்கள்? ஒரு தாள். ஒரு தேதி. ஒரு கையெழுத்து. இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் டிக். இல்லையென்றால் மறுபடி கேள்வி.

இதில் திருப்பம் எங்கிருந்து வந்தது என்றால், உயிரோடு திரும்பியவர்களிடமிருந்து. 23 பேரில் ஒன்பது பேரை விட்டுவிட்டார்கள். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவோம் என்று மிரட்டித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் 1998 ஏப்ரல் 27 அன்று, அவர்களில் ஒருவரான பியுஸ் லுஸ்ட்ரிலானங், தேசிய மனித உரிமை ஆணையத்தில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். இரண்டு மாதம் அடைத்து வைத்திருந்தது, மின்சார அதிர்ச்சி கொடுத்தது, தண்ணீரில் முக்கியது. பக்கத்து அறைகளில் இருந்தவர்களின் பெயர்களையும் சொன்னார். அவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. அதாவது, எங்களிடம் இல்லை என்று அரசு சொன்ன ஆள்கள், அரசின் அறையில் உயிரோடு இருந்திருக்கிறார்கள்.

அடுத்து அடுத்து மற்றவர்களும் பேசினார்கள். தாள்கள் சேர்ந்தன. எல்லாத் தாளும் ஒரே இடத்தைக் காட்டின. ராணுவத்தின் சிறப்புப் படையான கொபாசுஸ். அதற்குள் ரோஜா அணி என்று ஒரு ரகசியக் குழு. என்ன அழகான பெயர் பாருங்கள்!

மே 21 அன்று சுகார்தோ ராஜினாமா செய்தார். ஆகஸ்டில், சிறப்புப் படையின் தலைவராக இருந்த பிரபோவோ சுபியாந்தோ ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் சுகார்தோவின் மாப்பிள்ளையும்கூட. அவருக்கு அடுத்துச் சிறப்புப் படையின் தலைமைக்கு வந்த முச்டி என்ற ஜெனரலும் இரண்டே மாதத்தில் அந்தப் பதவியை இழந்திருந்தார். இந்த இரண்டாவது பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1999-ல் ரோஜா அணியின் 11 பேர் ராணுவக் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். தண்டனையும் கிடைத்தது. எல்லாமே இரண்டு வருடத்துக்கு உட்பட்டது. ஆனால் விஷயம் அதுவல்ல. அந்த வழக்கு யாரைக் கடத்தியதற்காகப் போடப்பட்டது தெரியுமா? உயிரோடு திரும்பி வந்த ஒன்பது பேரை. ஒருவர் பிணமாகக் கிடைத்தார். மீதி 13 பேர்? அந்தக் கேள்வி கோர்ட்டில் கேட்கப்படவே இல்லை. பிரபோவோ மீது வழக்கே போடப்படவில்லை. தான் பிடித்தவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பிவிட்டார்கள் என்பதுதான் அவர் தரப்பு.

நான் காமர்ஸ் படித்தவன். அங்கே சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று சொல்லித் தருவார்கள். வரவும் செலவும் டேலி ஆகாவிட்டால், அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாக ஒரு தனிக் கணக்கில் எழுதி வைக்கவேண்டும். காரணம் கண்டுபிடிக்கும் வரை அது அங்கேயே இருக்கும். யோக்கியமான அக்கவுண்டன்ட் அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வார். மற்றவர்கள் இரண்டு வருடம் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் ரைட்-ஆஃப் செய்துவிடுவார்கள். இந்தோனேசிய அரசு அந்த 13 பேரையும் ரைட்-ஆஃப் செய்யப் பார்த்தது. கோன்ட்ராஸ் விடமாட்டேன் என்றது. மொத்தச் சண்டையும் இதுதான்.

முனிர் அத்தோடு நிறுத்தவில்லை. 1999 ஆகஸ்டில் கிழக்குத் திமோர் மக்கள் சுதந்தரம் வேண்டுமென்று வாக்களித்தபோது, ராணுவத்தின் ஆசீர்வாதத்தோடு அங்கே வெறியாட்டம் நடந்தது. அதை விசாரிக்க அமைக்கப்பட்ட குழுவில் முனிர் உறுப்பினர். முன்னாள் தளபதி விராந்தோ உள்ளிட்ட பெரிய பெரிய பெயர்களை அந்தக் குழு எழுதி வைத்தது. சில நாளில் விராந்தோ மந்திரிசபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2000-ல் முனிருக்கு, மாற்று நோபல் என்று சொல்லப்படும் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2001-ல் வீட்டுக்கு வெடிகுண்டு பார்சல் வந்தது. 2003-ல் அச்சே மாகாணத்தில் ராணுவச் சட்டம் கொண்டுவந்ததை விமர்சித்தபோது, ஒரு கும்பல் கோன்ட்ராஸ் அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது.

இந்த இடத்தில் நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. இந்த என்.ஜி.ஓ.க்களுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டுக்காரன் காசு கொடுத்து நம் நாட்டைத் திட்டச் சொல்கிறானோ? நியாயமான கேள்விதான். கேட்கத்தான் வேண்டும். முனிரையும் அந்நியக் கைக்கூலி என்று சொன்னார்கள். ஆசிய மனித உரிமை அமைப்புகள் பலவற்றுக்கு வெளிநாட்டு நிதி வருவது உண்மை. உள்ளூரில் எந்தத் தொழிலதிபர் ராணுவத்துக்கு எதிராக வழக்கு நடத்த செக் எழுதிக் கொடுப்பார்?

ஆனால், ஒரு கணக்குப் புத்தகத்தைச் சோதிக்கும்போது, பேனா வாங்கக் காசு கொடுத்தது யார் என்பதோடு விஷயம் முடிவதில்லை. எழுதியிருப்பது உண்மையா என்றும் பார்க்கவேண்டும். கோன்ட்ராஸின் பட்டியலில் 13 பெயர்கள் இருக்கின்றன. பொய்யென்று நிரூபிக்க ரொம்ப சுலபமான வழி ஒன்று உண்டு. அந்தப் 13 பேரில் ஒரே ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ம்ஹும்.

சரி, முனிர் கொலை வழக்குக்கு வருவோம்.

கணவர் இறந்து இரண்டு மாதம் கழித்து சுசிவாத்தி வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே செத்த கோழி. ராணுவத்தை இதில் இழுத்தால் இதே கதிதான் என்று ஒரு சீட்டு. இரண்டு சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி அதற்குப் பிறகும் வாயை மூடவில்லை. வழக்கைத் தூக்கிக்கொண்டு ஜெனிவா வரை, அமெரிக்கா வரை போனார். ஜனாதிபதி சுசிலோ பம்பாங் யுதயோனோ ஓர் உண்மை கண்டறியும் குழுவை அமைத்தார்.

2005 டிசம்பரில் பைலட் பொல்லிகார்ப்பஸுக்கு 14 வருடம் தண்டனை. 2006-ல் சுப்ரீம் கோர்ட் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. போலி ஆவணத்துக்கு மட்டும் இரண்டு வருடம். 2008-ல் அதே சுப்ரீம் கோர்ட் மறு ஆய்வு செய்து 20 வருடம் என்றது. 2013-ல் மறுபடி 14 ஆகக் குறைத்தது. 2014-ல் நிபந்தனையின் பேரில் வெளியே வந்தார். 2020-ல் கொரோனாவில் இறந்துபோனார். தெரிந்ததை எல்லாம் சொல்லாமலேயே.

முனிர் மீது ஒரு பைலட்டுக்கு என்ன சொந்தப் பகை இருக்கமுடியும்? அவருக்கு விமானப் பாதுகாப்பு டியூட்டி கொடுக்கச் சொல்லி தேசிய உளவுத்துறையிலிருந்து தனக்குக் கடிதம் வந்தது என்று கருடாவின் முன்னாள் தலைவர் இந்திரா சேத்தியவான் சொன்னார். கடிதம் எங்கே என்று கேட்டால், காரிலிருந்து திருட்டுப் போய்விட்டது என்று பதில். இந்திரா என்றதும் பெண் என்று நினைத்துவிடாதீர்கள், ஆண்தான். அவருக்கு ஒரு வருடம் சிறை.

உளவுத்துறையில் யார்? அப்போது அங்கே துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்தவர், முச்டி. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதே ஜெனரல்தான். கோன்ட்ராஸ் கிளப்பிய விவகாரத்தால் சிறப்புப் படைப் பதவி போன கோபம் என்றது அரசுத் தரப்பு. பைலட்டின் போனுக்கும் முச்டியின் போனுக்கும் இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட அழைப்புகள் இருந்ததையும் எடுத்துக்காட்டியது. அந்த போனை யார் வேண்டுமானாலும் உபயோகித்திருக்கலாம் என்றது எதிர்த்தரப்பு. சாட்சிகள் ஒவ்வொருவராக முன்பு சொன்னதை வாபஸ் வாங்கினார்கள். 2008 டிசம்பர் 31 அன்று முச்டி விடுதலை செய்யப்பட்டார். மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆக, சட்டப்படி அவர் நிரபராதி. அப்படியானால், பைலட்டுக்கு உத்தரவிட்டது யார்? அந்த இடத்தில் இன்னும் ஒரு கோடுதான் இருக்கிறது.

உண்மை கண்டறியும் குழு 2005-லேயே தன் அறிக்கையை ஜனாதிபதியிடம் கொடுத்துவிட்டது. அரசு வெளியிடவில்லை. கோன்ட்ராஸ் தகவல் ஆணையத்துக்குப் போனது. வெளியிடு என்று 2016-ல் உத்தரவும் வாங்கியது. அரசு சொன்ன பதிலைக் கேளுங்கள். அந்த அறிக்கை எங்களிடம் இல்லையாம்! ஆளைத்தான் காணவில்லை என்றால், ஆளைப் பற்றிய அறிக்கையையும் காணவில்லை.

2022 செப்டம்பரோடு 18 வருடம் முடிந்தது. அன்றைய இந்தோனேசியச் சட்டப்படி ஒரு சாதாரணக் கொலை வழக்கின் ஆயுள் அவ்வளவுதான். இது சாதாரணக் கொலையே அல்ல, அரசு சம்பந்தப்பட்ட கடும் மனித உரிமை மீறல், அதற்குக் காலக்கெடு கிடையாது என்று வாதாடினார்கள் முனிரின் நண்பர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் ஒரு தனிக் குழுவை அமைத்து விசாரணையைத் தொடங்கியது. கணக்கு மூடப்படவில்லை.

இதற்கு நடுவில் வேறொரு காட்சி. 2007, ஜனவரி 18. வியாழக்கிழமை. ஜகார்த்தாவில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே சிலர் கறுப்புச் சட்டை, கறுப்புக் குடையுடன் வந்து பேசாமல் நின்றார்கள். சுசிவாத்தி ஒருவர். 1965 படுகொலைக்குப் பிறகு பிடிபட்டுப் பல வருடம் சிறையில் இருந்த பெஜோ உந்துங் ஒருவர். இன்னொருவர் சுமர்சி என்கிற அம்மாள்.

சுமர்சியின் மகன் வாவன், கல்லூரி மாணவன். சுகார்தோ போய் ஆறு மாதம் கழித்து, 1998 நவம்பர் 13 அன்று நடந்த போராட்டத்தில், அடிபட்டுக் கிடந்த ஒருவரைத் தூக்கப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டவன். சுமர்சி நாடாளுமன்றச் செயலகத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் அதே நாடாளுமன்றம், அந்தத் துப்பாக்கிச்சூடு ஒன்றும் கடுமையான மனித உரிமை மீறல் அல்ல என்று முடிவு சொன்னது. தான் சம்பளம் வாங்கிய கட்டடம், தன் பிள்ளையின் சாவைச் சாதாரணம் என்கிறது. எப்படி இருந்திருக்கும் அந்தத் தாய்க்கு?

அர்ஜென்டினாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 1977-லிருந்து வியாழக்கிழமைதோறும் மாளிகை எதிரே நடந்தார்கள் அல்லவா? அதைப் பார்த்துத்தான் இவர்களும் வியாழனைத் தேர்ந்தெடுத்தார்கள். கமிசான் என்று பெயர். வாராவாரம் மாலை நான்கு மணி. ஒரு மணிநேரம். கோஷம் கிடையாது. ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். கலைந்துவிடுவார்கள். ஆரம்பித்தபோது விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம். பிறகு வேறு நகரங்களிலும் நிற்க ஆரம்பித்தார்கள். 1998-ல் பிறந்தேயிருக்காத பிள்ளைகள் குடை பிடித்தார்கள். 800 வாரங்களைத் தாண்டிவிட்டது.

இது இந்தோனேசியாவின் கதை மட்டும் என்று நினைத்தால் தப்பு. 1998-ல் மணிலாவில் காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான ஆசியக் கூட்டமைப்பு என ஒன்று உருவானது. பிலிப்பைன்ஸ், காஷ்மீர், இலங்கை, தாய்லாந்து என்று பல இடங்களிலிருந்து குடும்பங்கள் சேர்ந்தன. முனிர் அதன் தலைவராகவும் இருந்தவர். அவர் கொல்லப்பட்ட அதே 2004-ல், மார்ச் மாதம், தாய்லாந்தில் சோம்சாய் என்கிற முஸ்லிம் வக்கீல் பாங்காக் தெருவில் கடத்தப்பட்டுக் காணாமல் போனார். அவர் மனைவி அங்கானாவும் சுசிவாத்தி மாதிரிதான். வழக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், பிற்பாடு அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தின் உறுப்பினரே ஆனார். கிளிநொச்சியில் தமிழ்த் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் பிள்ளைகளின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்ததும் இதே கேள்வியோடுதான். என் பிள்ளை எங்கே?

இப்படிப்பட்ட குடும்பங்கள் உலகம் முழுக்க நச்சரித்ததால்தான் 2006-ல் ஐ.நா. சபை இதற்கென்றே ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. இந்தியா 2007-ல் கையெழுத்துப் போட்டது. இந்தோனேசியா 2010-ல் போட்டது. போட்டதோடு சரி. சட்டபூர்வமாக ஏற்று உறுதிசெய்யும் வேலை இரு நாட்டிலும் அப்படியே நிற்கிறது.

2023 ஜனவரியில் ஜனாதிபதி ஜோகோ விடோடோ, நாட்டின் கடந்தகாலத்தில் 12 கடும் மனித உரிமை மீறல்கள் நடந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 1965 படுகொலை அந்தப் பட்டியலில் இருந்தது. 1997-98 கடத்தல்கள் இருந்தன. வாவன் செத்த துப்பாக்கிச்சூடு இருந்தது. முனிர் இல்லை. ஆனாலும், ஐந்து லட்சம் சாவுகளுக்கு ஒரு வரிகூட எழுதாத தேசத்தில், ஒரு ஜனாதிபதி வாயால் அது வந்ததே, எப்படி? தாள் தாளாகச் சேர்த்து வைத்தவர்கள் இருந்ததால் வந்தது.

மகிழ்ச்சியாக முடிக்கலாம் என்றால் சரித்திரம் விடாது. 2024 அக்டோபர் 20 அன்று இந்தோனேசியாவின் ஜனாதிபதியாகப் பதவியேற்றவர், 1998-ல் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்ட அதே பிரபோவோ. தேர்தலில் ஜெயித்துத்தான் வந்தார். உயிரோடு திரும்பிய ஒன்பது பேரில் பியுஸ் உள்பட சிலர் வெகு முன்னாலேயே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். இன்னொருவர், முகியாந்தோ. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக வருடக்கணக்கில் உழைத்தவர். பிரபோவோ அரசில் மனித உரிமைத் துணை அமைச்சராகப் பொறுப்பேற்றார். உள்ளே போனால்தான் காரியம் நடக்கும் என்பது அவர் போன்றவர்களின் கட்சி. விலைபோய்விட்டார்கள் என்பது வெளியே நிற்பவர்களின் கோபம். தீர்ப்பு சொல்ல நாம் யார்? அந்த அறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தவர்கள் நாமில்லை. ஆனால், திரும்பி வந்தவர்கள் மன்னிக்கலாம். திரும்பி வராதவர்களின் சார்பில் யார் மன்னிப்பது?

2025 நவம்பர் 10. தேசிய வீரர் பட்டம் பெறுவோரின் பட்டியலை அறிவித்தது அரசு. சுகார்தோவுக்குப் பட்டம். அதே நாளில், அதே பட்டியலில், மார்சினாவுக்கும் பட்டம்! அந்தக் கொலைக்கு இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. பட்டம் மட்டும் கொடுத்தாகிவிட்டது. எல்லாரையும் ஒரே மாலையில் கட்டிவிட்டால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்று நினைப்பு. கணக்கை முடிக்கப் புதிய வழி.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒரு ஃபேக்டரி பெண்ணின் பெயர் 32 வருடம் கழித்தும் ஒரு ஜனாதிபதிக்குத் தேவைப்படுகிறது என்றால், அந்தப் பெயரை அத்தனை காலம் அழியவிடாமல் வைத்திருந்தது யார்? ராணுவமா? கோர்ட்டா? சில வக்கீல்கள். சில தொழிலாளர்கள். நான்கு நாற்காலியும் ஒரு டெலிபோனும் வைத்திருந்த சில அலுவலகங்கள்.

அவர்கள் ஜெயித்தார்களா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. 13 பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை. முனிரைக் கொல்லச் சொன்னவர் யாரென்று தெரியவில்லை. ஆனால், ரைட்-ஆஃப் என்று எழுத அரசு எப்போது பேனாவை எடுத்தாலும், எதிரே யாரோ ஒருவர் குடையோடு நின்றுகொண்டிருக்கிறார். இதை நீங்கள் படிக்கிற வாரத்திலும் ஒரு வியாழக்கிழமை வரும்.